பழைய பித்தளைக் கைப்பிடி வாங்கப் போறீங்களா? அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவுக் குமிழ், தாழ்ப்பாள், பூட்டு எல்லாமே கிடைக்கும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களுக்குப் புதையல்தான். ஆனால், எது அசல்?

காந்தம் வச்சுப் பாருங்க. ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே வெறும் முலாம். ஒட்டலைன்னா பித்தளையா இருக்கலாம். ஆனால், போன மாசம் வார்த்த பித்தளையிலும் காந்தம் ஒட்டாது!

அதனால தேய்மானத்தையும் கவனிங்க. கை படும் இடம் வழவழப்பாகி, இடுக்குகள் மட்டும் கறுத்திருந்தால் பெரும்பாலும் புழங்கிய பொருள். முழுக்க ஒரே மாதிரி கறுத்திருந்தால் ரசாயன வேலையாக இருக்கலாம்.

முக்கியமா, உங்க வீட்டுக் கதவில் இருக்கும் பழசைக் கழற்றி எடைக்குப் போட்டுடாதீங்க. அந்தக் கதவுக்குக் கச்சிதமாகப் பொருந்துவது அதுதான். அளவு மாறினால், தேக்கில் மறுபடி ஓட்டை போடணும்.