“சும்மா வீட்லதான் இருக்கேன்”னு சொல்லாதீங்க!

“என்ன வேலை பார்க்கறீங்கம்மா?”

“நானா? சும்மா வீட்லதான் இருக்கேன் சார்...”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கும் குடும்பத்தலைவியிடம் போலீஸ்காரர் கேட்டால், முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் பதில் சொல்வார்கள்.

மார்க்கெட்டுக்குப் போகும்போது பின்னால் வந்த கார் இடித்துத் தள்ளிவிட்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்த பிறகும் குக்கரைத் தூக்க முடியவில்லை, துணி பிழிய வரவில்லை. “ஆபீஸ் போறவங்கன்னா சம்பளம் போச்சுன்னு கேக்கலாம். எனக்கு என்ன போச்சு?” என்று தன் கேஸைத் தானே மூடிவிடுவார்.

என்ன போச்சு என்பதை கோர்ட்டுகளே கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கின்றன!

கோர்ட் போட்ட கணக்கு

1989ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில், இல்லத்தரசியின் உழைப்பு மாதம் 3,000 ரூபாய் என்று 2001ல் சுப்ரீம் கோர்ட் மதிப்பிட்டது. 2009ல் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், வீட்டு வேலைக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்று விரிவாகவே எழுதினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே பட்டியலில் ‘வேலை செய்யாதவர்’ என்று சேர்த்ததை 2010ல் சுப்ரீம் கோர்ட் கண்டித்தது.

2021 தீர்ப்பில் ஒரு புள்ளிவிவரம் வருகிறது. 2019ல் எடுத்த சர்வேப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது சராசரி 299 நிமிஷம். ஆண்கள்? 97 நிமிஷம்!

இவை உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் தொடர்பான வழக்குகள். ஆனால், அடிபட்டுப் பிழைத்தவருக்கும் அதே நியாயம்தான். எத்தனை சதவிகிதம் ஊனம் என்பதை மட்டும் பார்க்காமல், அந்த ஊனம் அவர் செய்யும் வேலையை எந்த அளவு பாதிக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது 2010ல் வந்த இன்னொரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. சமையல்கட்டில் வலது மணிக்கட்டு இல்லாமல் எந்த வேலை நடக்கும், சொல்லுங்கள்!

என்ன செய்யணும்?

1. “ரெண்டாயிரம் வெச்சுக்குங்க, கேஸ் வேண்டாம்” என்றால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு போலீசில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்குங்கள்.

2. எப்படி அடிபட்டது என்பதை டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறுவது அதுதான். “வழுக்கி விழுந்துட்டேன்” என்று எழுதிவிட்டால் பின்னால் தலைவலி.

3. எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், பிசியோதெரபி ரசீது, ஆட்டோ செலவு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். வேலைக்கு ஆள் வைத்தால், கொடுத்த சம்பளத்துக்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

4. சிகிச்சை முடிந்த பிறகும் கை பழைய மாதிரி மடங்கவில்லையா? ஊனம் எவ்வளவு என்று டாக்டரிடம் சர்ட்டிஃபிகேட் கேளுங்கள்.

5. மோட்டார் வாகன விபத்து டிரிப்யூனலில் விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போடவேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். தள்ளிப் போடாதீர்கள். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

வைத்தியச் செலவு மட்டுமல்ல, வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, சத்தான சாப்பாடு, இனி ஆகக்கூடிய சிகிச்சை... இதற்கெல்லாம் கேட்கலாம். கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று மலைக்காதீர்கள். 1987ம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள்.

இனிமேல் யாராவது “என்ன வேலை பார்க்கறீங்க?” என்று கேட்டால், “காலைல அஞ்சரைக்கு டியூட்டி ஆரம்பம் சார், லீவே கிடையாது!” என்று தைரியமாகச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளட்டும்!