இலவசப் படமும் கைவினைஞரின் கூலியும்

கடையொன்றைத் திறக்கவிருப்பவர் முன்பெல்லாம் பெயர்ப்பலகைக்கும் விளம்பரத்துக்கும் கண்டி நகரிலோ கட்டுகஸ்தோட்டையிலோ உள்ள வடிவமைப்பாளர் ஒருவரையே நாடுவார். இன்று கையடக்கத் தொலைபேசியில் நாலு வரி எழுதினால் போதும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சில நொடிகளில் படத்தைத் தந்து விடுகின்றது. செலவும் சொற்பம், பல வேளைகளில் செலவே இல்லை. அக்குறணையிலும் மடவளையிலும் சிறு முதலுடன் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கும், வீட்டிலிருந்தே உணவும் உடையும் விற்கும் சகோதரிகளுக்கும் இது பெரும் வசதி என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் இவர்களுக்கு மிச்சமாகும் அதே பணம்தான் இன்னொருவரின் அன்றாடக் கூலியாக இருந்தது. கல்யாண அழைப்பிதழ், பெயர்ப்பலகை, பத்திக் துணி என வரைந்து பிழைப்பவர்களும் நம் ஊர்களில்தான் வாழ்கின்றார்கள்.

கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பரப் பகுதியில் நார்களைச் சாயமிட்டுக் கையால் நெய்யப்படும் 'தும்பர ரட்டா கலால' பாய்க் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2021இல் மனிதகுலத்தின் அருவக் கலாசார மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதன் கோலங்களைப் போன்ற ஒன்றைக் கணினியில் உருவாக்கிச் செயற்கைத் துணியில் அச்சிட்டால் நெய்பவரின் விலைக்கு யார் வாங்குவார்? கண்டிய கைவினைகளை ஆராய்ந்து 1908இல் நூல் வெளியிட்ட கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மலிவான இயந்திரப் பொருட்களின் வரவால் கைவினைஞர் நலிவதை அன்றே கவலையுடன் பதிவு செய்திருந்தார். இன்று அதே பிரச்சினை வேறு வடிவில் வந்திருக்கின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓவியமொன்று வரையப்பட்ட கணத்திலேயே அதற்குப் பதிப்புரிமை கிடைத்து விடுகின்றது. பதிவு செய்யத் தேவையில்லை. அவ்வுரிமை வரைந்தவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். வேண்டுமென்றே மீறுவோருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். ஆனால் சட்டம் காப்பது வரைந்த ஆக்கத்தையே; பாணியை அல்ல. இந்த இடைவெளியிலேயே செயற்கை நுண்ணறிவு நுழைகின்றது. தமது படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தி மென்பொருளைப் பயிற்றுவித்ததாக அமெரிக்க ஓவியர்கள் சிலர் 2023 ஜனவரியில் வழக்குத் தொடுத்தது இதனாலேயே.

வர்த்தகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. எமது சட்டத்தில் ஆக்கியோன் என்பவர் மனிதரே. மனிதர் ஆக்காத படத்துக்குப் பதிப்புரிமை இல்லையென அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. எனவே முற்றிலும் இயந்திரம் தந்த இலச்சினையைப் பக்கத்துக் கடைக்காரர் பிரதி செய்தால், பதிப்புரிமையைக் காட்டித் தடுப்பது கடினம். அதனைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்வதே பாதுகாப்பு. அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்கவும் முடியும்.

மார்க்கத்தின் நிலைப்பாடும் தெளிவானதே. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, நூலுரிமை, வர்த்தகப் பெயர், கண்டுபிடிப்புரிமை ஆகியவை ஷரீஆ அங்கீகரிக்கும் உரிமைகள், அவற்றை மீறலாகாது எனத் தீர்மானித்தது. கடையிலுள்ள பொருளை எடுப்பது ஹராம் என்று அறிந்த நாம், அடுத்தவர் வரைந்ததை எடுப்பதை மட்டும் இலேசாகக் கருதலாமா?

புதிய தொழில்நுட்பத்தை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அன்றாட விலைப்பட்டியலுக்கு மென்பொருள் போதும். ஆனால் கடையின் இலச்சினை, கல்யாண அழைப்பிதழ், பாடசாலை மலரின் அட்டை போன்றவற்றையாவது ஊர்க் கலைஞரிடம் கொடுப்போம். கலைஞர்களும் தமது மூலப்பிரதிகளைத் திகதியிட்டுப் பேணுவதுடன், படத்தை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டணச் சீட்டிலேயே எழுதிக் கொடுப்பது நல்லது. பின்னர் பிணக்கு வந்தால் கைகொடுப்பது அந்த ஒரு துண்டுக் காகிதமே.