கை மறவாத பின்னல்

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்று சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கும் தாய்மார்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "பத்து வயசுல ரெண்டு ஊசி வச்சுப் பின்னப் பழகினேன் டீச்சர். பால்வெட்டுக்குப் போனதும் விட்டுப்போச்சு. முப்பது வருஷம் ஆச்சு. இனிமே வருமா?"

வரும். ஏன் வரும் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

நினைவு என்பது ஒரே வகையன்று. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு, கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளையில் அறுவை செய்தார்கள். அதன் பிறகு புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. காலையில் கண்டவரை மாலையில் அறியார். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் என்னும் ஆய்வாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரப் படத்தின் மேல் கோடு இழுக்க வேண்டும். மூன்று நாளில் அவர் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், "இதை நான் செய்ததே இல்லை" என்றே எண்ணினார்! கைப்பழக்கம் மூளையில் வேறோர் இடத்தில் தங்குகிறது என்று இதனால் தெரிந்தது. நீச்சல், சைக்கிள், பூத்தொடுத்தல், பால்வெட்டு எல்லாம் அந்த வகைதான். கத்தியைத் தொட்டுப் பல ஆண்டாகியும் பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்று உங்கள் மணிக்கட்டுக்குத் தெரியுமல்லவா? ஆகையால், முறையை மனத்தில் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். ஊசியைக் கையில் எடுங்கள்.

பின்னலில் இருப்பது ஒரே நூல். நெசவில் பாவும் ஊடுமாக இரண்டு வரிசை நூல்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். பின்னலில் ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்து விடுகிறோம், அவ்வளவே. கண்ணிகள் வளைந்து கொடுப்பதால்தான் பனியனும் காலுறையும் உடம்போடு நீள்கின்றன. நேர்ப்பின்னல், மறுபின்னல் என்று இரண்டு சொல்வார்களே, அவை இரண்டல்ல. ஒரே கண்ணியின் முகமும் முதுகும். எகிப்தில் கிடைத்த மிகப் பழைய பின்னல் காலுறைகளில் பல பருத்தி நூலால் ஆனவை. நம் ஊர் வெக்கைக்கும் பருத்தியே போதும். கம்பளி நூல் வேண்டுமென்றால் கேமரன் மலையில் இருக்கும் உறவினருக்குப் பின்னிக் கொடுக்கலாம்.

1589-இல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் பின்னல் இயந்திரம் கண்டார். இன்று திருப்பூர் பனியன்கள் இயந்திரத்தில்தான் வருகின்றன. எனவே கைப்பின்னலில் பெரும் பணம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கைவேலை பெண்ணுக்கு விடுதலையே வாங்கித் தந்த காலமும் உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்னும் மிஷனரி அம்மையார், பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டே தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். சிறு வயதில் பின்னிய இறுக்கம் இப்போது இருக்காது. ஆகவே பழைய கணக்கு உதவாது. முதலில் 20 கண்ணி ஏற்றி, உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னி அளந்து பாருங்கள். அகலம் 4 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 5 கண்ணி. பிள்ளையின் மார்பளவு 22 அங்குலம். தளர்ச்சிக்கு 2 சேர்த்தால் 24. முன்பக்கத்துக்குப் பாதி, 12. அப்படியானால் 60 கண்ணி ஏற்ற வேண்டும். "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லும் அம்மாமார் இதை வாய்க்கணக்காகவே போட்டுவிடுகிறார்கள்! பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள், வாய்ப்பாடும் படிந்துவிடும்.

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. வெளிர் நிறமே எடுங்கள். பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். இடையில் ஒரு கண்ணி நழுவி ஏணிபோல் கீழே இறங்கிவிட்டால் பதற வேண்டாம், அத்தனையையும் பிரிக்கவும் வேண்டாம். அடியில் தொங்கும் கண்ணியைக் கொக்கி ஊசியில் மாட்டி, மேலே உள்ள ஏணிப்படிகளை ஒவ்வொன்றாக அதன் வழியே இழுத்துக்கொண்டு வந்து, மறுபடி ஊசியில் ஏற்றிவிடலாம்.