உங்களுக்குத் தெரியுமா? விண்மீன் கொத்துக்கும் வயது சொல்லலாம்!

◆ லட்சக்கணக்கான விண்மீன்கள் தேனீக் கூட்டம்போல மொய்த்துக் கிடக்கும் உருண்டைதான் கோளக் கொத்து. நம் பால்வழி மண்டலத்தில் 150-க்கும் மேற்பட்டவை உண்டு.

◆ ஒரு கொத்தின் விண்மீன்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் பிறந்தவை. ஆனால் ஆயுள் ஒன்றல்ல. நிறை அதிகமுள்ளவை எரிபொருளை ஊதாரித்தனமாகத் தீர்த்துவிடும். சூரியனைப்போல 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் சில கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும். சூரியனுக்கோ சுமார் 1,000 கோடி ஆண்டுகள்.

◆ ஆகவே, மையத்து ஹைட்ரஜன் தீர்ந்து இப்போதுதான் வீங்கத் தொடங்கும் விண்மீன் எது என்று பார்க்கிறார்கள். அதன் வயதுதான் கொத்தின் வயது! பழைய கொத்துகளில் அதன் நிறை சூரியனில் ஏறக்குறைய 80 சதவீதம். வயது 1,200 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

◆ 1990-களில் ஒரு வேடிக்கை: சில கணக்குகளின்படி பிரபஞ்சத்தைவிடக் கொத்துகளுக்கு வயது அதிகம்! தாயைவிடப் பிள்ளை மூப்பா? ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் விண்மீன்களின் தூரங்களைத் துல்லியமாக அளந்தபின் கொத்துகளின் வயது குறைந்தது. பிரபஞ்சம் வேகம் கூடி விரிகிறது என்று 1998-இல் தெரிந்தபின் அதன் வயது கூடியது. இன்றைய கணக்கு: பிரபஞ்சத்துக்கு 1,380 கோடி.

◆ கொத்தின் வயதை அறிய இன்னொரு வழி, அணைந்த அடுப்பின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது போன்றது. கேட்டை நட்சத்திரத்துக்கு அருகிலுள்ள எம்4 கொத்தில், எரிந்து முடிந்து ஆறிக்கொண்டிருக்கும் விண்மீன் எச்சங்களான மங்கலான வெண்குள்ளன்களை ஹபிள் தொலைநோக்கி படம்பிடித்தது. அவை எவ்வளவு ஆறியிருக்கின்றன என்பதை வைத்து 2002-இல் கணித்த வயது, சுமார் 1,200 முதல் 1,300 கோடி ஆண்டுகள். இரண்டு வழிக்கும் விடை ஏறக்குறைய ஒன்றே!