ஒளி நிறையும் பள்ளிவாசல்

நுழையும்முன்

பள்ளிவாசல் என்றதும் குவிமாடமும் மினாராவும் நினைவில் எழுதல் இயல்பு. இவ்விரண்டும் இல்லாத ஒரு பள்ளிவாசல் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் உள்ளது. அதன் கட்டட நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

திசையும் தூய்மையும்

தொழுகைக்குத் தூய்மையான இடமும், மக்காவிலுள்ள கஅபாவை நோக்கிய திசையும் இன்றியமையாதவை. அத்திசை 'கிப்லா' எனப்படும். குவிமாடமும் மினாராவும் காலப்போக்கில் வந்து சேர்ந்தவை. எனவே, பள்ளிவாசல்கள் அந்தந்த நிலத்தின் கட்டடக்கலையை ஏற்றே வளர்ந்தன. கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசல் தமிழகத்துக் கல்தூண் மண்டபமாகவே அமைந்துள்ளது. அதன் தூண்களில் மனித, விலங்கு உருவங்களுக்கு மாற்றாகப் பூவேலைப்பாடுகள் இடம்பெற்றுள்ளன.

சதுரத்துள் வட்டம்

இம்மரபின் இன்றைய வடிவமே டாக்காவின் பைத்துர் ரவூப் பள்ளிவாசல். இதனை வடிவமைத்தவர் மரினா தபசும் என்னும் பெண் கட்டடக்கலைஞர். அவருடைய பாட்டி அளித்த நிலத்தில், மக்களின் நன்கொடையால் எழுந்த இக்கட்டடம் 2012இல் நிறைவுற்றது.

மனையின் போக்கும் கிப்லாத் திசையும் ஒத்துவரவில்லை; இரண்டிற்கும் இடையே 13 பாகை வேறுபாடு இருந்தது. ஆகவே, வெளிச்சதுரத்தினுள் ஒரு வட்டச்சுவர் எழுப்பப்பட்டது. அவ்வட்டத்தினுள் தொழுகைக்கூடம் கிப்லாவை நோக்கித் திருப்பி அமைக்கப்பட்டது. ஓரங்களில் நிற்கும் எட்டுத் தூண்களே கூரையைத் தாங்குவதால், தொழுவோர் வரிசைகளுக்கு நடுவே தடையேதும் இல்லை.

காற்றும் ஒளியும்

வங்கத்தின் வண்டல்மண் நிலத்திற்குரிய கட்டுமானப் பொருள் செங்கல். பூச்சின்றி விடப்பட்ட செங்கற்சுவர்களின் இடைவெளிகள் வழியே காற்று உலவுகிறது. கூரையின் சிறுவட்டத் துளைகள் வழியாக விழும் கதிர்கள் தரையில் ஒளிப்பொட்டுகளை இடுகின்றன. கிப்லாச் சுவரின் நெடிய பிளவு ஒளியை உள்ளே விடுகிறது. தெருவில் செல்வோர் தொழுவோரின் கண்ணில் படாதவாறு அது சாய்த்து அமைக்கப்பட்டுள்ளது. வெயிலின் போக்கிற்கேற்பக் கூடத்தின் தோற்றமும் மாறுகிறது.

உயர்த்தப்பட்ட மேடைமீது நிற்பதால், சந்தடி மிகுந்த தெருவிலிருந்து பள்ளிவாசல் சற்று விலகி அமைதி காக்கிறது. அம்மேடையோ அனைவருக்கும் பொதுவானது; முதியோர் அமர்ந்து உரையாடுகின்றனர், சிறுவர் விளையாடுகின்றனர். வழிபாட்டின் தேவை, நிலத்தின் இயல்பு, மக்களின் வாழ்க்கை ஆகிய மூன்றையும் கருதிக் கட்டியதால், குவிமாடம் இல்லாத இக்கட்டடத்தை அப்பகுதி மக்கள் தம் பள்ளிவாசலாக ஏற்றுக்கொண்டனர்.

தெரிந்து தெளிவோம்

1977இல் நிறுவப்பட்ட ஆகா கான் கட்டடக்கலை விருது, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. 2016ஆம் ஆண்டு இவ்விருதைப் பெற்ற கட்டடங்களுள் பைத்துர் ரவூப் பள்ளிவாசலும் ஒன்று.