மேற்கோள் கணக்கில் சிக்காத ஜி.என்.ஆர்.

எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள், இரண்டையும் சேர்த்துக் கணிக்கும் ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு? ஓர் ஆய்வாளரை இன்று இப்படித்தான் எடைபோடுகிறார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் உலகில் முதலிடம் அமெரிக்காவின் ஆலிவர் லௌரியின் ஒரு கட்டுரைக்கு. ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதை நீல நிறத்தின் அடர்த்தியை வைத்து அளக்கும் முறையை 1951இல் வெளியிட்டார். 2014இல் நேச்சர் இதழ் பட்டியல் போட்டபோது அந்தக் கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ முதல் நூறு இடங்களுக்குள்ளேயே வரவில்லை. செய்முறையைப் பயன்படுத்துகிறவர் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். ஊரறிந்த உண்மைக்கு யாரும் சான்று கேட்பதில்லை.

நம் ஜி.என்.ராமச்சந்திரன் கதையும் ஏறக்குறைய இதுதான்.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்ற அவர், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்தார். மூன்று சங்கிலிகள் சேர்ந்தது அது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் நேச்சரில் எழுதினார். மறு ஆண்டு, அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதாக மாதிரியைத் திருத்தினார். இதே அமைப்பை ஆராய்ந்துவந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மூன்று இழைகளை ஒப்புக்கொண்டார்கள்; ஆனால், இந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றனவே என்று மடக்கினார்கள்.

வேறொருவராக இருந்தால் மறுப்புக் கடிதம் எழுதுவதோடு நின்றிருப்பார். ஜி.என்.ஆர். கேள்வியையே திருப்பிப் போட்டார்: எவ்வளவு நெருங்கினால் அது அளவுக்கு மீறல்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் துழாவி, எந்த இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம் என்று வரையறுத்தார்.

புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் இரண்டு பிணைப்புகள்தான் தாராளமாகச் சுழலும். அந்தச் சுழற்சிக் கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஃபையைக் கிடைமட்டத்திலும் சையைச் செங்குத்திலும் வைத்து ஒரு சதுரம் வரைந்தார்கள். அணுக்கள் முட்டிக்கொள்ளும் கோணங்களை எல்லாம் நீக்கினால், முக்கால் பங்குக்கும் மேல் காலி! மிஞ்சிய சில திட்டுகளுக்குள்தான் புரதங்களில் வழக்கமாகக் காணும் ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் வந்து உட்காருகின்றன. சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடன் சேர்ந்து 1963இல் மூலக்கூற்று உயிரியல் இதழ் ஒன்றில் இதை வெளியிட்டார். நீளம் ஐந்தே பக்கம். அப்போது அணு அளவில் அமைப்பு தெரிந்த புரதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே இது பார்த்து வரைந்த படமல்ல, கணக்கிட்டு வரைந்த படம். என் கணிப்பில் அவருடைய ஆகப்பெரிய சாதனை இதுதான்.

இன்று புரத அமைப்பு ஒன்றை உலகப் பொதுத் தரவு வங்கியில் சேர்த்தால், சரிபார்ப்பு அறிக்கையில் ராமச்சந்திரன் வரைபடத்துக்கு வெளியே விழுந்த அமினோ அமிலங்களையும் எண்ணிச் சொல்கிறார்கள். ஆனால், வரைபடத்தின் பெயரைச் சொல்பவர்களில் பலர் 1963ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்றாகக் குறிப்பதில்லை. பெயரே போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

1971இல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்க எளிய கணித வழி சொன்னது. இந்த வகைக் கணிதத்தைப் பயன்படுத்தும் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் நோயாளிக்கு அது தெரியப்போவதில்லை.

பதவி உயர்வுக்கு மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்க்கும் தேர்வுக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: விண்ணப்பித்தவரின் ஒரு கட்டுரையையாவது முழுக்கப் படித்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.