அழையாமல் நுழையும் அலைகள்

மலேசியாவில் தோட்டத்து லயங்களை விட்டுச் சித்தியவானின் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் குடியேறியவர்களில், மாலைப்பொழுதில் மின்னல் எஃப்எம் வானொலியையோ, பல்லாண்டுகளாகச் சேகரித்த பழைய பாடல்களையோ நல்லதோர் ஆம்ப்ளிஃபயரில் கேட்டு மகிழும் ரசிகர்கள் உண்டு. பாடகியின் குரல் மெல்ல எழுகின்ற தருணத்திலே கைப்பேசியின் ‘டிட்டிட்’ ஓசையோ, விளக்கைப் போட்டவுடன் தொடங்கும் இரைச்சலோ இடையில் புகுந்தால், சாதனம் கெட்டுவிட்டது என்று கருதிப் புதியதொன்றை வாங்கிவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வீண் செலவு என்பது என் திடமான அபிப்பிராயம். பெரும்பாலும் குற்றம், வெளியிலிருந்து நுழையும் மின்காந்த அலைகளுடையது.

ஒரு திசையில் மின்சாரத்தை எளிதாகவும் மறுதிசையில் அரிதாகவும் கடத்தும் கலீனா என்னும் ஈயப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் அறிந்து செய்த அக்காரியத்தையே நம் ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர்கள் அறியாமல் செய்கின்றன. செவிக்கு எட்டாத வேகத்தில் துடிக்கும் அலையைத் தடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தை மாத்திரம் ஓசையாக்கிவிடுகின்றன. 2ஜி கைப்பேசி தொடர்ந்து பேசுவதில்லை. வினாடிக்குச் சுமார் 217 தடவை விட்டுவிட்டு அலையை வீசுகிறது. அந்த 217 நம் செவி கேட்கும் எல்லைக்குள் இருப்பதாலேயே நமக்கு இந்தத் தொல்லை.

அலை உள்ளே பிரவேசிப்பது கம்பிகளின் வழியாக. எஃப்எம் வரிசையில் 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதன் கால் பங்கான 75 சென்டிமீட்டர்க் கம்பியே நல்ல ஏரியலாகிவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைக்கோ சுமார் 8 சென்டிமீட்டரே போதும். அப்படியிருக்க, சுவரோரமாக மீட்டர் கணக்கில் ஓடும் ஸ்பீக்கர் வயரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா!

ஆகவே முதலில் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டும். வால்யூமை முற்றிலும் குறைத்தபோது இரைச்சலும் மறைந்தால், அது பாட்டு வரும் வயரின் வழியே வந்தது. மறையாவிட்டால், ஸ்பீக்கர் வயரையோ மின்வயரையோ சந்தேகிக்கலாம். வாசல் புலப்பட்டபின், அந்த வயரை ஆம்ப்ளிஃபயரை ஒட்டிய இடத்திலேயே, இத்தகைய அலைகளைத் தடுக்கும் ஃபெரைட் வளையத்திற்குள் செலுத்துங்கள். ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை சுற்றினால் தடை ஏறக்குறைய ஒன்பது மடங்காகும் என்பதால், பல வளையங்களை விலைகொடுத்து வாங்குவதைக் காட்டிலும் பெரிய வளையம் ஒன்றில் பல சுற்றுச் சுற்றுவது மேல். ஸ்பீக்கர் வயரின் இரு இழைகளையும் முறுக்கிவிட்டு, மிஞ்சிய நீளத்தை வெட்டிவிடுங்கள். கைப்பேசியையும் சார்ஜரையும் அலமாரியிலிருந்து அகற்றிவிடுங்கள்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாழ்ந்த ‘ம்ம்’ ஓசை வேறு வியாதி. அதற்கு ஃபெரைட் மருந்தாகாது. அதைப் போக்குவதாக எண்ணிப் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிப்போர் உளர். உயிருக்கே ஆபத்தான காரியம் அது, ஒருபோதும் செய்யாதீர்கள்.

இரைச்சலின் மூலம் அகப்படவில்லையெனில், வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, பேட்டரி ரேடியோ ஒன்றை மத்திய அலையில் வைத்துக் கேளுங்கள். அப்போதும் இரைந்தால் குற்றவாளி வெளியே இருக்கிறான். தாமான் வீடுகளில் பெரும்பாலும் அடுத்தடுத்த இரு வீட்டாருக்கும் ஒரே சுவர் என்பதால், அண்டை வீட்டாரிடம் அன்போடு கேட்டு, அவர்களுடைய எல்இடி விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். அதிலும் புலப்படாவிட்டால், அலைவரிசைகளைப் பரிபாலிக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யலாம்.